சிவக்காத வெற்றிலை

"ஆள மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. மீதிய நான் பாத்துக்குறேன்."

"மீதின்னா?"

"எங்க வீட்டுல மீன் அரியிற அருவாமனை மூணு கெடக்குதுங்க."

"ஒரு ஆளுக்கு ஒண்ணு போதுமே," என்றான் சஃபியுல்லா. "மத்த ரெண்டும் துருப்பிடிச்சுப் போவும்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே பேட்டரிக் கடைக்காரர் ஆசிட் ஊற்றுவதை அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினான்.

அரசலாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் அந்த ஒற்றை மாடி அறையில்தான் சுகிர்தா துப்பறியும் தொழில் நடத்தினாள். அதற்கு முன்னால் மருந்து கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்களின் வாசலில் காத்துக் கிடந்தவள். சஃபியுல்லா அவளுடைய உதவியாளன், ஸ்கூட்டர் ஓட்டி, வாய். வாய்க்குத் தனிச் சம்பளம் கிடையாது என்று அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். அதனால் அவன் அதை இலவசமாகவே நடத்தி வந்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த கீர்த்திகா காரைக்கால்மேட்டுப் பெண். போன வருஷம் ஒரு விடியற்காலை, கடற்கரைச் சாலையில் அவளுடைய அண்ணன் முத்தையனை ஒரு ஜீப் அடித்துப் போட்டது. ஓட்டியவன் நான்தான் என்று ஒரு டிரைவர் போலீஸில் போய்ச் சரணடைந்தான். ஆனால் மகனுக்குப் பின்னால் மீன் கூடையோடு நடந்து வந்த அம்மா பங்கஜவல்லி வேறொன்றைப் பார்த்திருந்தாள். ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கியவர், ஐஸ் ஃபேக்டரி முதலாளி சிவநாதன். அன்றைக்கே போலீஸிடம் அதைத் தெளிவாகச் சொன்னாள். வேறு சாட்சி கிடையாது. வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது, வண்டியை யார் ஓட்டினார்கள் என்று வக்கீல் கேட்டார். பங்கஜவல்லி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "முத்தையன் இன்னும் கரைக்கு வரலீங்களே" என்றாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை இன்னொரு தடவ கூப்புட்டுருக்காங்க. அதோட சரி," என்றாள் கீர்த்திகா. "ஊரே மறதி நோயிங்குது. எழுவது வயசுன்னா வரத்தான் செய்யும்ங்குது. முன்னெல்லாம் போன மாசத்து ஏலத்துல எந்த போட்டு மீன யாரு எடுத்தான்னு கேட்டா கண்ண மூடிக்கிட்டு ஒப்பிக்கிற தலைங்க அது. கொஞ்ச மாசத்துல அப்படி அழிஞ்சு போவுமா? தானா அழியலங்க. யாரோ அழிக்கிறாங்க."

சுகிர்தா எழுந்து கைப்பையை மாட்டினாள். "வாங்க, பாக்கலாம். அருவாமனைய மட்டும் கொஞ்ச நேரம் கண்ணுக்கு மறைவா வைங்க."

காரைக்கால்மேட்டில் கடல் வீட்டுக்குள் வருவதில்லை, ஆனால் அதன் உப்பு வந்துவிடும். பங்கஜவல்லியின் வீட்டில் கதவுத் தாழ்ப்பாள், மின்விசிறி, சுவரில் மாலையோடு சிரித்த முத்தையனின் படச் சட்டம் எல்லாவற்றிலும் ஒரு மெல்லிய துரு படர்ந்திருந்தது. முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஏலக் கூட்டத்தில் முட்டி மோதிப் பழகிய அகலத் தோள். கண் மட்டும் கடலில் எங்கேயோ தூரத்தில் நின்றது.

"வா தம்பி. நீ முத்தையன் கூட்டாளியா? அவன் கடலுக்குப் போயிருக்கான். சாப்புட்டுட்டு இரு, வந்துருவான்."

சஃபியுல்லாவிடம் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நிமிஷத்தில் அவிழ்த்துவிட ஒரு தமாஷ் இருக்கும். இன்றைக்கும் இருந்தது. அதை அப்படியே விழுங்கினான்.

பங்கஜவல்லி மடியிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தாள். சின்ன சுண்ணாம்பு டப்பா உருண்டு தரையில் விழுந்தது. சஃபியுல்லா எடுத்துக் கொடுத்தான். அவள் அதைத் திறக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு, வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் பாக்கை வைத்து மடித்து வாயில் அதக்கினாள். நடுநடுவே சொம்பிலிருந்து தண்ணீர் குடித்தாள். "நாக்கு ஒட்டிக்கிது" என்றாள், யாரிடம் என்றில்லாமல். வெகுநேரம் மென்ற பிறகு வாயைத் திறந்தபோது நாக்கு அரைத்த கீரையின் நிறத்தில் இருந்தது.

"முன்னெல்லாம் அம்மா வாயி பவழமா இருக்கும்," என்றாள் கீர்த்திகா. "இப்ப என்னா போட்டாலும் செவக்க மாட்டங்குது."

"வாய் செவந்தா புருசனுக்குப் பாசம்பாங்க," என்றான் சஃபியுல்லா.

"எச்சி ஊறுனாதான் செவக்கும். பாசமெல்லாம் அதுக்கப்புறம்," என்ற சுகிர்தா கீர்த்திகாவைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா சாப்புடுற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

பழைய பிஸ்கட் டின் ஒன்று வந்தது. சுகிர்தா அதைத் தரையில் கவிழ்த்து மூன்று குவியலாகப் பிரித்தாள்.

"இது ராத்திரியில அடிக்கடி ஒண்ணுக்குப் போறதுக்கு. இது அரிப்புக்கு. வேற வேற டாக்டர் எழுதுனது. ஒருத்தர் எழுதுனது இன்னொருத்தருக்குத் தெரியாது, நம்மளும் சொல்ல மாட்டோம். ரெண்டும் சாதாரண மாத்திரைதான், தெருவுக்குப் பத்து பேரு சாப்புடுறாங்க. ஆனா வயசான உடம்புல இதுங்க வாய உலத்தும், கண்ண மங்கலாக்கும், சில பேருக்கு மூளையிலயும் பஞ்ச அடைச்சுரும். இந்த மூணாவது, தூக்கத்துக்கு."

"ஒருத்தன் கதவச் சாத்துறான், இன்னொருத்தன் ஜன்னலச் சாத்துறான். மூணாவது ஆளு வந்து வெளக்க அணைக்கிறான்," என்றான் சஃபியுல்லா.

"அதேதான். வீட்டுல இருக்கறவங்க வயசாயிருச்சுன்னு விட்டுருவாங்க. மருந்த மாத்திக் குடுத்தா நெறைய பேருக்கு வெளிச்சம் திரும்பும்."

கீர்த்திகா டின்னை இழுத்தாள். "இப்பவே கொண்டு போயி கடல்ல கொட்டுறேன்."

"வேண்டாம். திடீர்னு நிறுத்துனா அது வேற வம்பு. மூணையும் ஒரே டாக்டர்கிட்ட கொண்டு போயிக் காட்டணும்." சுகிர்தா மூன்றாவது குவியலிலிருந்து ஒரு மாத்திரை அட்டைத் துண்டை எடுத்தாள். "இத எழுதுனது யாரு?"

கீர்த்திகாவுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்தது என்று நினைத்திருந்தாள். மாத்திரையின் பெயர் அச்சடித்த முனை எல்லாத் துண்டிலும் கவனமாக வெட்டப்பட்டிருந்தது. பெயர் இல்லாவிட்டால் என்ன, பத்து வருஷம் பையில் தூக்கிச் சுமந்த முகங்கள்தானே. எந்த மாத்திரை என்று சுகிர்தாவுக்குத் தெரிந்தது.

அவள் துண்டை சஃபியுல்லாவிடம் நீட்டினாள். அவன் ஓரத்தை விரலால் தடவினான். மருந்துக் கடைக் கத்தரியால் வெட்டினால் நேர்கோடாக இருக்கும். இது சுறாப் பல் மாதிரி வளைந்து வளைந்து போயிற்று. வாப்பாவின் துணிக்கடை மேசையில் தவழ்ந்து வளர்ந்தவன் அவன். சாம்பிள் துணியின் நூல் பிரியாமலிருக்க வெட்டுகிற பல்லுக் கத்தரியை அவனுக்குக் கையெழுத்து மாதிரி அடையாளம் தெரியும். வாயைத் திறந்தான். சுகிர்தாவின் குதிகால் அவன் காலை மிதித்தது.

"கீர்த்திகா, ஒங்க பிளவுஸ் தையல் ரொம்ப நல்லாருக்கே," என்றாள் அவள். "யாருகிட்ட குடுத்தீங்க?"

"எங்கண்ணி அல்லிதாங்க. அண்ணன் போனதுக்கப்புறம் கருக்களாச்சேரியில அவங்க அம்மா வீட்டுல இருக்காங்க. ஞாயித்துக்கிழமை தவறாம வந்து அம்மாவ குளிப்பாட்டி, தல சீவிவிட்டுட்டுப் போவாங்க. தங்கமான மனுசி."

மூன்றாவது குவியலை மட்டும் சுகிர்தா தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பங்கஜவல்லி வாசல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் தன் தலையைத் தரையில் கொட்டிப் பிரித்துப் பார்த்தது அவளுக்குத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"தங்கத்த ஒரசிப் பாக்கப் போறோம்," என்றான் சஃபியுல்லா, ஸ்கூட்டரைக் கிளப்பியபடி. வழியில் ஒரு கடையில் பச்சை ஜாக்கெட் துணி வாங்கினார்கள். பச்சை ஒங்களுக்கு எடுபடாதுக்கா என்றான். தங்கத்துக்கு எடுபடும் என்றாள் சுகிர்தா.

கருக்களாச்சேரியில் அல்லியின் தையல் மிஷின் ஜன்னலோரம் ஓடிக்கொண்டிருந்தது. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கண்ணுக்குக் கீழே தூங்காதவர்களின் கருப்பு. பக்கத்தில் வெளிர்நீலச் சட்டைகள் இடுப்புயரம் அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் பையிலும் ஒரு பெங்குவின் பூவேலை.

"காரைக்கால் வெயிலுக்கு பெங்குவினா?" என்றான் சஃபியுல்லா.

"ஐஸ் ஃபேக்டரி ஆளுங்க யூனிபாரம்ங்க."

சுகிர்தா பச்சைத் துணியை நீட்டினாள். "லைனிங் இதே கலர்ல வேணும்."

"மூலையில ஒரு துண்டு வெட்டிக்கிறேங்க. கடைக்குக் கொண்டு போனாதான் கலர் ஒத்து எடுக்க முடியும்." அல்லி மேசையிலிருந்து பல்லுக் கத்தரியை எடுத்து மூலையைக் கத்தரித்தாள்.

சுகிர்தா அந்தப் பச்சைத் துண்டை மேசையில் வைத்தாள். அதன் பக்கத்தில் மாத்திரை அட்டைத் துண்டை வைத்தாள். இரண்டிலும் அதே பல் வரிசை. இரண்டிலும் நடுவில் ஒரு பல் மழுங்கி, அந்த இடம் மட்டும் மொட்டையாக இருந்தது.

"அட்டைய வெட்டுனா கத்தரி பல்லு போயிரும்," என்றான் சஃபியுல்லா மெதுவாக. "எங்க வாப்பாவா இருந்தா ஒங்கள அடிச்சே இருப்பாரு."

அல்லி பச்சைத் துணியைக் கீழே வைத்தாள்.

"தூங்கட்டும்னுதான் குடுத்தேங்க. ராத்திரியானா அத்தை அலறும்."

"தூங்குறதுக்குக் குடுத்தா பேர ஏன் வெட்டுனீங்க?"

அல்லி கத்தரியை மடக்கினாள், விரித்தாள். பிறகு பேச ஆரம்பித்தபோது குரல் மிஷின் மாதிரி ஒரே சீராக ஓடியது. அவளுடைய அண்ணன் ஃபைபர் போட் வைத்திருக்கிறான். ஐஸ் ஏற்றாமல் போட்டைக் கடலில் தள்ள முடியாது, பிடித்த மீன் கரைக்கு வருவதற்குள் நாறிவிடும். சிவநாதனின் ஆள் ஒருநாள் சட்டைத் துணியோடு வந்து உட்கார்ந்தான். கிழவி கோர்ட்டில் வாயைத் திறந்தால் ஒங்கண்ணனுக்கு ஐஸ் கிடையாது என்றான். வெசமா குடுக்கச் சொல்றோம், எங்க முதலாளியப் பெத்த அம்மாவுக்கு டாக்டர் எழுதுன மாத்திரைதான் என்றான்.

"அப்ப அந்தம்மாவுக்கே குடுக்க வேண்டியதுதானே," என்றான் சஃபியுல்லா.

"அத சாப்புட்டு அந்தம்மா பெத்த புள்ளையவே யாருன்னு கேட்டுச்சாம். டாக்டரு திட்டி நிறுத்திட்டாராம்."

அப்படியென்றால் சிவநாதனுக்கு அது என்ன செய்யும் என்று தெரியும். தன் தாயிடம் பார்த்துத் தெரிந்துகொண்டதை இன்னொருத்தன் தாய் மேல் வைத்துப் பார்த்திருக்கிறான்.

"ஒங்களுக்கும் தெரிஞ்சிருக்கு," என்றாள் சுகிர்தா.

"தெரியுங்க. மறந்துட்டா அத்தைக்கு நல்லதுன்னு நெனச்சுக்கிட்டேன். எனக்குத்தான் மறக்க முடியல, அதுக்காவது மறக்கட்டும்னு." மிஷின் இழுப்பறையிலிருந்து வெட்டாத அட்டைகளை எடுத்து சுகிர்தாவின் கையில் வைத்தாள். "இன்னைக்கே போயி கால்ல விழுவுறேங்க. நீங்க போங்க, பின்னாலயே வர்றேன்."

"கால்ல விழுந்தா மட்டும் போதாது. வெள்ளிக்கிழமை கோர்ட்டுலயும் இதச் சொல்லணும்."

அல்லி பெங்குவின்களைப் பார்த்தாள்.

திரும்பும் வழியெல்லாம் சஃபியுல்லா சிவநாதனைக் கொன்றுகொண்டே வந்தான். ஐஸ் அறையில் பூட்டி வைத்து, உருகினதும் எடுத்து, மறுபடி உறைய வைக்கலாம் என்றான். அவரை மீன் பெட்டியில் அடுக்கி ஏலம் விடலாம், ஆனால் யாரும் கேட்க மாட்டார்கள் என்றான். சுகிர்தா அவனைத் தடுக்கவில்லை. அதுவே அவளும் கோபமாக இருக்கிறாள் என்பதற்கு அடையாளம்.

கீர்த்திகா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். பங்கஜவல்லி அதே நாற்காலியில் இருந்தாள். கால் மணலைக் கழுவ சஃபியுல்லா கொல்லைப்பக்கம் போனான். குழாயடிக்கு அப்பால், முருங்கை மரத்தின் அடியில், வெள்ளை மணலில் ஏதோ கிடந்தது. மீன் ரத்தம் என்று நினைத்தான். குனிந்து பார்த்தான். மீன் ரத்தத்தில் பாக்குத் தூள் இருக்காது.

முன்னறைக்கு வந்து சுகிர்தாவின் காதில் சொன்னான். "கொல்லையில யாரோ வெத்தல எச்சி துப்பியிருக்காங்க. இன்னும் காயல. நல்ல பவழ செவப்பு. கீர்த்திகா வெத்தல போடுறதில்ல."

சுகிர்தா அவனைப் பார்த்தாள். அவனுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. காலையில் தரையிலிருந்து எடுத்துக் கொடுத்த அந்தச் சின்ன டப்பா.

"அக்கா, சுண்ணாம்பு இல்லாம போட்டா யாரு வாயும் செவக்காதுல்ல?"

சுகிர்தா பங்கஜவல்லியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். சுருக்குப்பையை அவள் மடியிலிருந்து எடுத்தாள். கிழவி தடுக்கவில்லை. டப்பாவைத் திறந்தாள். உள்ளே சுண்ணாம்பு ஈரமாக, வெண்ணெய் மாதிரி இருந்தது. நடுவில் ஒரு விரல் வழித்த புதுப் பள்ளம். சுகிர்தா ஒரு வெற்றிலையை எடுத்து முதுகில் சுண்ணாம்பைத் தடவி, பாக்கு வைத்து மடித்து நீட்டினாள்.

"போடுங்கம்மா."

பங்கஜவல்லி அந்த வெற்றிலையைப் பார்த்தாள். பிறகு சுகிர்தாவைப் பார்த்தாள். கடலில் எங்கேயோ நின்ற கண் இரண்டும் ஒரு நொடியில் கரைக்கு வந்து சேர்ந்தன. வாங்கி வாயில் போட்டு மென்றாள். சிவப்பு முதலில் உதட்டின் ஓரத்தில் தெரிந்தது, பிறகு வாய் முழுவதும்.

"கெட்டிக்காரி," என்றாள். குரலும் வேறாக இருந்தது. ஏலத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வருகிற குரல்.

"ஒங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சுது?"

"கோர்ட்டுக்குப் போயி வந்த வாரம் அல்லிக்குக் காச்சல். வரல. அந்த மாத்திரை தீந்துபோச்சு. உள்ளங்கையெல்லாம் வேர்த்து ஒதறிச்சு, பொட்டுத் தூக்கமில்ல."

"உசிருக்கே ஆபத்தாயிருக்கும்மா."

"போவல. அப்புறம் ஒரு நாள் கொல்லையில துப்புனேன். செவப்பா விழுந்துச்சு. ஏன்டா இத்தன நாளா செவக்கலன்னு நின்னு யோசிச்சேன். யோசிக்க முடிஞ்சுதே, அதுவே அதிசயம்." அவள் படத்தைப் பார்த்தாள். "அன்னைக்குத்தான் எம்புள்ள செத்துப் போனது எனக்கு மறுபடி தெரிஞ்சுது. எல்லாருக்கும் ஒரு தடவ செத்தான். எனக்கு ரெண்டு தடவ."

"மத்த ரெண்டு மாத்திரையும்?"

"அதுங்களையும் நிறுத்திட்டேன். சொறிஞ்சுக்கிட்டாலும் புத்தி இருக்குதுல்ல. அவ ஞாயித்துக்கிழமை கொண்டாந்து குடுக்குறதுல ஒண்ண அவ கண்ணு முன்னால வாயில அதக்கிக்கிட்டு, அவ போனதும் எல்லாத்தையும் கடலுக்குக் குடுத்துருவேன். இந்த வாரத்துது மட்டும் வீட்டுல ஆளு இருந்ததுனால டின்னுக்குள்ள தங்கிருச்சு."

"பாவம், மீனெல்லாம் வலைக்கு வழி மறந்துருக்கும்," என்றான் சஃபியுல்லா. அந்த வீட்டில் அவன் சொன்னதற்கு முதன்முறையாக ஒருத்தி சிரித்தாள். சிவந்த பல்லோடு அது அவ்வளவு நல்ல சிரிப்பாக இல்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் மறதிக்காரிதான். இல்லன்னா சிவநாதன் வேற வழி பாப்பான். இந்தக் கீர்த்திகாவுக்குக்கூட சொல்லல. சொன்னா அல்லி கழுத்துக்கு அருவாமனையத் தூக்கிக்கிட்டு ஓடும். நீங்களும் அவகிட்ட பேரச் சொல்லாதீங்க. வெள்ளிக்கிழமை கூண்டுல ஏறி, அவன் எந்தக் கதவத் தொறந்தான், எந்தக் கால மொதல்ல கீழ வச்சான், எம்புள்ள மூச்சு அடங்குற வரைக்கும் எங்க பாத்துக்கிட்டு நின்னான், எல்லாம் சொல்லுவேன். அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்லுவேன்."

சுகிர்தா தலையாட்டினாள். கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அட்டைகள் உள்ளே சரசரத்தன. பங்கஜவல்லியின் காது அந்தச் சத்தத்தைப் பிடித்ததை சஃபியுல்லா பார்த்தான்.

"அல்லி ஒங்ககிட்ட என்னா சொன்னா?"

சுகிர்தா தயங்கினாள். அந்தக் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. "மறந்துட்டா ஒங்களுக்கு நல்லதுன்னு நெனச்சாங்களாம்."

பங்கஜவல்லி எழுந்தாள். முன்னறை மூலையிலிருந்த அடுப்பைப் பற்ற வைத்து டீக்குத் தண்ணீர் வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"அந்த மாத்திரையச் சாப்புட்டுக்கிட்டிருந்தப்ப ஒரு நாளு இந்த எடத்துலதான் நின்னேன். அந்த போட்டாவப் பாத்தேன். எம்புள்ளன்னு தெரியுது. எப்ப பொறந்தான்னு தெரியுது. பேரு வரல. பொழுது விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயுற வரைக்கும் வரல. யாருகிட்ட போயி கேப்ப? எம்புள்ள பேரு என்னான்னு யாருகிட்ட கேப்ப? நானே வச்ச பேரு."

வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. மணலில் கழற்றி வைக்கப்படும் செருப்புச் சத்தம். "அத்தை" என்று ஒரு குரல், அழுது முடித்த குரல்.

சஃபியுல்லா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தான்.

பங்கஜவல்லி மேல்துண்டால் உதட்டுச் சிவப்பை அழுத்தித் துடைத்தாள். டம்ளர்களை வரிசையாக வைத்தாள். பிறகு சுகிர்தாவிடம் வந்து, மீன் செதில் சீவிக் காய்ப்பேறிய உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"அவளுக்கு எங்கூட்டு டீ ரொம்பப் புடிக்கும். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, முத்தையன்ங்குற பேரு அவ நாக்குலயும் வராம நிக்கட்டும். அந்த மாத்திரையில ஒண்ணு குடும்மா."